முள் நீங்கிய நோன்பு



அருகப் பெருமான் திருவடிகளை வணங்கி, உண்ணா நோன்பைப் பற்றியும், நோன்பு போலவே தோன்றி உயிரை வாட்டும் ஒரு நோயைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

இல்லறத்தார் ஒழுக வேண்டிய நெறியை இரத்தினகரண்ட சிராவகாசாரம் என்னும் நூலாக அருளியவர் சமந்தபத்திர ஆசாரியர். அந்நூற்பொருளைத் தமிழில் தருவதே நம் அருங்கலச்செப்பு. காஞ்சி மாநகரோடு இணைத்துப் போற்றப்படும் அம்முனிவரைப் பற்றி நம் மரபு ஒரு வரலாறு கூறுகின்றது. துறவு பூண்டிருந்த காலத்தில் அவரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது. உண்டதெல்லாம் நொடியில் சாம்பலாகி, தீராப் பசி வயிற்றைச் சுடும் நோய் அது. முனிவர்க்குரிய அளவான உணவால் அது தணியவில்லை. விரதம் பழுதுபடுவதினும் சல்லேகனை ஏற்று உடலை நீப்பதே மேல் என்று கருதி, அவர் தம் குருவிடம் இசைவு வேண்டினார்.

குரு இசையவில்லை. அறத்திற்கு அவரால் ஆக வேண்டிய பணி மிகுதி என்றும், துறவுக் கோலத்தை நீக்கி, வேண்டுமளவு உண்டு நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் மீண்டும் தீட்சை பெறலாம் என்றும் பணித்தார். சமந்தபத்திரரும் அவ்வாறே சென்று, ஒரு சிவாலயத்தில் படைக்கப்பட்ட பேருணவை உண்டு நோய் தீர்ந்து, மீண்டும் துறவு பூண்டார் என்பது கதை.

சல்லேகனைக்கு இலக்கணம் வகுத்த அந்த ஆசாரியர்க்கே ஒரு காலத்தில் சல்லேகனை மறுக்கப்பட்டது. உணவை ஒட்டி எழுந்த ஒரு துன்பத்தை அவருடைய குரு முதலில் நோயென்று கண்டார். மருந்தாக உணவையே விதித்தார். இவ்வரலாற்றை நான் பலமுறை படித்திருக்கின்றேன். அதன் பொருளை உணர்ந்ததோ மிகவும் காலந்தாழ்ந்து, என் கண்முன் ஒரு பெண் குழந்தை மெலிந்த பிறகுதான்.

வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதனைச் சுற்றியும் குடியிருக்கும் நம் குடும்பங்கள் சில உண்டு. அத்தகைய ஒரு வீட்டுப் பெண் அவள். தந்தை இரும்பு ஆலையொன்றில் முறை வேலை பார்ப்பவர். அவளும் பெற்றோரும் இசைந்ததனால், பெயரைத் தவிர்த்து இதனை எழுதுகின்றேன். பதினாறு வயதில் வகுப்பில் முதல் மாணவி. முதலில் அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டும் உபவாசம் இருந்தாள். பின்னர் வாரத்தில் மூன்று நாள் என்றாயிற்று. தசலட்சண பருவத்தில் பல நாள் தண்ணீர் மட்டுமே பருகினாள். நிறைவு நாளில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியவள் நான்தான். நம் பிள்ளைகள் யாவரும் இவளைப் போல விளங்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் பேசியவளும் நான்தான்.

நான்கு திங்கள் கழித்து அவள் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். நாடித் துடிப்பு மிகக் குறைந்திருந்தது. மாதவிலக்கு நின்று போயிருந்தது. கன்னத்திலும் கையிலும் பூனை முடி போன்ற மெல்லிய மயிர் படர்ந்திருந்தது. தாய் துணைக்கு அழைத்ததால் நானும் சென்றேன். மருத்துவர் அம்மையார் என்னை நோக்கி, "இவளைச் சிறு வயது முதல் அறிந்தவர்கள் நீங்கள், எப்படிப்பட்ட குழந்தை?" என்று வினவினார். நான் பெருமையோடு அடுக்கினேன். ஒரெழுத்துப் பிழையானாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். இட்ட பணியைத் தட்ட மாட்டாள். உடல்நலம் இல்லாவிடினும் யாரிடமும் சொல்ல மாட்டாள். தோற்றுப் போகலாம் என்று தோன்றினால் அந்த விளையாட்டிலேயே சேர மாட்டாள். தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வந்தால் அந்த இரண்டிற்காக இரவெல்லாம் அழுவாள். மருத்துவர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். நான் நற்பண்புகளென்று சொன்னவற்றை அவர் நோயின் தடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

இந்நோய்க்கு மருத்துவர் இட்ட பெயர் அனோரெக்சியா நெர்வோசா. 1873 ஆம் ஆண்டில் பாரிசில் லசேக் என்பவரும் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே இதனை விவரித்தனர். இப்பெயரைத் தந்தவர் கல். பசியின்மை என்பது இப்பெயரின் நேர்ப்பொருள். உண்மையில் பசி மாய்வதில்லை. பசியோடு இடையறாது போரிடுவதே இந்நோய். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக நேர்பவற்றுள் இதுவும் ஒன்று. இது மேல்நாட்டாரின் நோய், நம்மைத் தீண்டாது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆனால் சென்னை மனநல மருத்துவர் சிலர் கல்லூரி மாணவரிடையே உணவு பற்றிய மனத்துன்பத்தை ஆராய்ந்து 1990களிலேயே எழுதினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த சிறுவர் சிறுமியரிடம் காணப்பட்ட உணவு சார்ந்த நோய்களைப் பற்றிய ஆய்வு 2007 இல் வெளிவந்தது. அவருள் சிலர்க்கு இந்நோயும் இருந்தது. ஆண் பிள்ளைகளையும் இது விடுவதில்லை. கீழை நாடுகளில் சில நோயாளிகள், பருத்துவிடுவேன் என்று அஞ்சுவதாகச் சொல்வதே இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, பசிக்கவில்லை என்று மட்டும் சொல்கின்றனர். நம் வீடுகளிலோ, நோன்பு என்ற ஒரு சொல் போதும். எவரும் மேலே கேட்க மாட்டார்.

நோய் முற்றி மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்களின் இயல்புகளை மருத்துவர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்துள்ளனர். உணவை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே செல்வோரிடம் சில பண்புகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. எதிலும் குறையே இருக்கக் கூடாது என்னும் கடுமை, வகுத்த ஒழுங்கு சிறிதும் மாறலாகாது என்னும் பிடிவாதம், தீங்கு நேருமோ என்ற ஓயாத அச்சம், பிறர் மனம் நோகுமோ என்று தன் விருப்பத்தை மறைத்தல், செய்த செயலைக் கொண்டே தன் மதிப்பை அளத்தல் ஆகியன அவை. அடக்க முடியாமல் மிகுதியாக உண்டு, பின் வாந்தியெடுத்தும் பேதி மருந்து உண்டும் அதனைப் போக்குவோர் மற்றொரு வகையினர். அவருள் பலரிடம் அவசர இயல்பும், விரைந்து மாறும் மனநிலையும், சிலரிடம் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளுதலும் காணப்படுகின்றன. எல்லா நோயாளியும் இந்த அச்சுகளில் அடங்குவர் என்பதில்லை. இப்பண்புகள் உடைய குழந்தைகள் எல்லாரும் நோயாளி ஆவதும் இல்லை. எனினும், குறை பொறாத இயல்பும் அச்சமும் பலருக்கு நோய் தொடங்குமுன் இளமையிலேயே இருந்தன என்றும், எடை மீண்ட பின்னும் ஓரளவு நிலைத்திருந்தன என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. இவற்றில் குடிவழியாக வரும் கூறும் உண்டு.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு, குறும்பு செய்யும் பிள்ளையைக் கவனிக்கக் கற்றுத் தந்தார்கள். படிப்பில் பின்தங்கும் பிள்ளையைக் கவனிக்கக் கற்றுத் தந்தார்கள். ஒரு தொல்லையும் தராமல், ஒரு பிழையும் செய்யாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையையும் கவனிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் என் மாணவியர்க்குச் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். மெலிந்து கிடக்கும் பிள்ளை எரிந்து விழுகிறாள், பொய் சொல்கிறாள், தனித்தே இருக்கிறாள், அதுவும் அவள் குணந்தானோ என்று பெற்றோர் கலங்குகின்றனர். இதற்கு விடை தருவது அமெரிக்க நாட்டின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பர் முதல் 1945 இறுதி வரை நிகழ்ந்த ஒரு சோதனை. அதற்குத் தம் உடலைத் தந்தவர்கள் 36 இளைஞர்கள். கொல்லாமையில் கொண்ட பற்றினால் போரில் படைக்கலம் ஏந்த மறுத்தவர்கள். போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவளிப்பது என்று அறிய, ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் அவர்களுக்கு ஆறு திங்கள் குறைந்த உணவளித்தார். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர்.

அவர்கள் உடலும் உள்ளமும் நலமுடையவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆயினும் பட்டினி நீள நீள, எந்நேரமும் உணவையே எண்ணினர். சமையற் குறிப்புகளைச் சேகரித்தனர். சிறிதளவு உணவைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் உண்டனர். சினமும் சோர்வும் மிகுந்து நண்பரை விட்டு விலகினர். மீண்டும் வயிறார உண்டபோதும் மனம் பழைய நிலைக்குத் திரும்பப் பல திங்கள் ஆயின. ஆகவே, மருத்துவமனைக் கட்டிலில் நாம் காணும் குணங்களுள் ஒரு பகுதி பிறவி இயல்பு. மற்றொரு பகுதி பட்டினி செய்வித்த மாற்றம். பசித்திருக்கும் மூளையை வைத்துக்கொண்டு ஒருவருடைய குணத்தைத் தீர்ப்பிடலாகாது. முதலில் உணவு, பின்னரே அறிவுரை. சமந்தபத்திரரின் குருவும் இதே வரிசையில்தான் பணித்தார்.

அப்படியாயின் நோன்பு எது, நோய் எது என்று எவ்வாறு பிரித்தறிவது? நம் ஆகமமே உரைகல் தருகின்றது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில், சல்லியம் இல்லாதவனே விரதி என்று வரையறுத்தார். சல்லியமாவது உள்ளே தைத்திருக்கும் முள். அது மூவகைப்படும்: மாயை, மித்தியாத்துவம், நிதானம்.

மாயை என்பது மறைப்பு. நோன்பிருப்பவர்க்கு மறைக்க ஒன்றுமில்லை. குருவறிய, குடும்பமறிய இருப்பர். நம் பெண்ணோ உண்டுவிட்டேன் என்று சொல்லிச் சோற்றைக் கைக்குட்டையில் மடித்துச் சாளரத்தின் வழியே எறிந்திருக்கிறாள். மெலிவு தெரியாதிருக்கத் தளர்ந்த ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருக்கிறாள். மித்தியாத்துவம் என்பது பொய்க்காட்சி. எலும்பு துருத்திய பின்னும் தன்னைப் பருத்தவளென்று காண்பதும், நாடி தளர்ந்த பின்னும் எனக்கொன்றும் இல்லையென்று உறுதியாக நம்புவதும் அது. நிதானம் என்பது பயன் விழைதல். நோன்பு வினைக் கழிவிற்காக. எடை குறைவதற்காக அன்று, பிறர் வியப்பதற்காகவும் அன்று. அவள் நாள்தோறும் மும்முறை எடைக்கருவியின்மேல் ஏறி நின்றதை வீட்டார் அறிந்தபோது, அந்த மூன்றாம் முள்ளையும் கண்டோம். அந்த முள்ளை ஆழமாக அழுத்தியதில் என் பொன்னாடைக்கும் பங்கு உண்டு.

இம்மூன்றையும் சொல்வது நோயுற்றவரைக் குற்றவாளி என்பதற்காக அன்று. காலில் முள் தைத்தவனைப் பாவி என்று யாரும் ஏசுவதில்லை. உட்கார வைத்து முள்ளை எடுப்பார்கள். அவள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அச்சம் அவளைக் கொண்டு பொய் சொல்லிற்று. இந்த உரைகல் நமக்காகவே. முள் தென்படும் இடத்தில் நோன்பென்று கைகூப்பி நில்லாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நோன்பின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசாரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இன்றும் நிற்கின்றது. தமிழின் பழங்கல்வெட்டுகளுள் அது போற்றத்தக்கது. ஆனால் சல்லேகனைக்குரிய காலம் எது என்று சமந்தபத்திரர் தெளிவாக வகுத்தார்: நீக்க இயலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராத நோய். குருவின் இசைவு வேண்டும். பகை நீங்கி மன்னிப்பு வேண்டியிருக்க வேண்டும். சாவை விரும்புதலே அந்நோன்பிற்குக் குற்றம் என்றும் நூல்கள் கூறுகின்றன. 2015 ஆகஸ்டு 10 அன்று இராசஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு நிகர் என்று தீர்ப்பளித்தபோதும், அதே திங்கள் 31 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தபோதும், இவ்வேறுபாடுகளையே நாம் உலகறிய எடுத்துரைத்தோம். வெளியாரிடம் வாதிட்ட அதே வேறுபாட்டை நம் வீட்டுக்குள்ளும் காக்க வேண்டாவா? 2016 இல் ஐதராபாத்தில் 13 வயதுச் சமணச் சிறுமியொருத்தி 68 நாள் நோன்பின் பின் இறந்தாள். அவளுக்கு என்ன நேர்ந்ததென்று தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் துணியேன். வளரும் பிள்ளையின் நீண்ட நோன்பை விழாவாக்கலாமா என்னும் கேள்வி மட்டும் நம் ஒவ்வொரு ஜினாலயத்தின் முன்னும் நிற்கின்றது.

தீர்த்தங்கரப் பேற்றிற்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளுள் ஒன்று, சக்திக்கு ஏற்ற தவம். சக்திக்கு மீறிய தவம் அப்பட்டியலில் இல்லை. புறத்தவம் ஆறனுள் அனசனத்தை அடுத்தே அவமோதரியம் வைக்கப்பட்டுள்ளது. வயிறு நிறைவதற்குச் சற்று முன் நிறுத்துவது அது. அதற்கும் முதலில் உண்ண வேண்டும். ஜினசேனரின் ஆதிபுராணம், வீடுபேறு விழைவோர் உடலை வற்றச் செய்வதையே குறிக்கோளாகக் கொள்ளலாகாது, இன்சுவையால் கொழுக்கச் செய்யவும் ஆகாது என்ற கருத்தை உரைக்கின்றது. அப்புராணத்தின் நாயகராகிய ஆதிநாதர், தவத்திற்குக் கருவியாம் உடலைக் காக்கத் தாமே உணவை நாடி ஊர் ஊராகச் சென்றார். முனிவர்க்கு உணவிடும் முறையை யாரும் அறியாதிருந்ததால் பல திங்கள் வெறுங்கையராய்த் திரும்பினார். இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்பின் சாறு ஏந்தி நின்றான். அந்நாளே அட்சய திருதியை. நம் பெருவிழா ஒன்று, உண்ணத் தொடங்கிய நாளைக் கொண்டாடுவதாக அமைந்திருத்தலைச் சிந்தியுங்கள்.

பாரணையை மெல்ல மெல்லச் செய்க என்று பெரியோர் சொல்லி வந்ததிலும் பொருள் உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறை முகாம்களிலிருந்து மீண்ட பட்டினியாளர் சிலர், உணவு கிடைத்த பின்னரே மாண்டனர். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென மிகுதியாக உண்டால் இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று குறைந்து இதயம் தடுமாறும். ஆகவே மிகவும் மெலிந்த பிள்ளைக்கு வீட்டிலேயே விருந்து சமைத்து ஊட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். இரத்தச் சோதனையுடன் நாள்தோறும் அளவு கூட்டித் தருவது மருத்துவமனையின் பணி.

நம் பணி எது? அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தல். பிள்ளை உணவை மறுப்பது தவமன்று என்றறிந்த பின், அவள் அருகில் அமர்ந்து மூவேளையும் உண்பிக்கும் தாயின் பொறுமையே அவ்வீட்டில் நிகழும் தவம். இலண்டன் மாட்சுலி மருத்துவமனையில் 1980களில் உருவான மருத்துவமுறையும் பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவதை விடுத்து, அவர்களையே உணவுப் பொறுப்பேற்கச் செய்கின்றது. அப்பெண்ணின் தந்தை இரவு முறை முடிந்து வந்து, உறக்கத்தை ஒதுக்கிவிட்டு, அவளோடு அமர்ந்து காலை உணவு உண்டார். "நான் வற்புறுத்தவில்லையம்மா, நீ உண்ணும் வரை எழுந்திருக்க மாட்டேன்" என்பதே அவர் நாள்தோறும் சொன்னது. சில நாள் ஒன்றரை மணி நேரம் ஆயிற்றாம்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிள்ளை திடீரென மெலிந்தால், எல்லாருடனும் உண்பதைத் தவிர்த்தால், உண்டவுடன் குளியலறைக்கு விரைந்தால், மாதவிலக்கு நின்றால், மயங்கி விழுந்தால், காலந்தாழ்த்தாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே அறிவுரை பெறலாம். உடல் மெலிவைப் பழிக்கவும் வேண்டா, புகழவும் வேண்டா. தவறு செய்த பிள்ளையிடம், தாளைக் கிழிக்காதே, அடித்துவிட்டு மேலே எழுது என்று சொல்லுங்கள். சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம்: பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் நோன்பிற்கு மேடையில் மாலையிடும் வழக்கத்தை நிறுத்துவோம்.

அப்பெண் முற்றும் நலம் பெற்றாள் என்று எழுத இயலவில்லை. இந்நோய் தீர ஆண்டுகள் ஆகலாம். எடை ஏறியுள்ளது; கல்லூரிக்குச் செல்கிறாள். சென்ற பருவத்தில், "பாட்டி, ஒரே ஒரு நாள் உபவாசம் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். சமந்தபத்திரரின் கதையை அவளுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்து, "அவர் திரும்பவும் தீட்சை வாங்கினாரா?" என்று மட்டும் கேட்டாள். "வாங்கினார், முதலில் உடம்பு தேறிற்று" என்றேன்.

அட்சய திருதியையன்று செங்குன்றத்தை அடுத்த புழல் ஆதிநாதர் ஜினாலயத்திற்கு அவளும் வந்திருந்தாள். தரிசனத்திற்குப் பின் கரும்புச்சாறு வழங்கினார்கள். குவளையைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பாதி பருகினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் குவளையிலும் பாதி மீதமிருந்தது. இருவரும் மெல்லப் பருகி முடித்தோம்.

எல்லா உயிரும் நோய் நீங்கி வாழ்க! அறம் ஓங்குக!